லாட்டரியில் விழுந்த மெஷின்

கருவடிக்குப்பம்,
16.3.2006

அன்பு மகன் வெற்றிவேலுக்கு அப்பா தெய்வசிகாமணி எழுதுவது.

நான் சுகம். முட்டிவலி என்னைவிட சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை நூற்றெண்பது. கோபத்தை அளக்க இன்னும் கருவி வரவில்லை. சார்ஜாவில் வெயில் தொடங்கிவிட்டதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போன் கூடத்தில் இருக்கிறது. அம்மாவின் தையல் மெஷினும் கூடத்தில்தான் இருக்கிறது. மெஷின் எவ்வளவு சத்தம் போட்டாலும் அவள் காது தன் வேலையைச் செய்யும். அதனால்தான் பேனா எடுத்தேன்.

பிரான்சில் உன் தாய்மாமன் பாவாடை போன மாதம் இறந்துபோனார். அவர் மனைவி முன்பே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. துலோன் என்கிற ஊரில் ஒரு வீடும் பாங்கில் பணமும் விட்டுப் போயிருக்கிறார். வரி போக நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய ஒரு கோடி. அத்தனையும் அவருடைய ஒரே தங்கை அமிர்தவல்லிக்கு. உன் அம்மா பெயர் அமிர்தவல்லி. ஆனால் அந்தப் பணம் உன் அம்மாவுக்கு வராது.

உனக்குப் பாதிக் கதை தெரியும், முழுசாகச் சொல்கிறேன். அம்மாவைப் பெற்ற தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். அதனால் பிள்ளைகள் இருவருக்கும் பிரெஞ்சு உரிமை இருந்தது. 79-இல் மாமன் லீவில் வந்து நம் வீட்டில் தங்கினார். மாசி மகத்துக்கு நாங்கள் எல்லாரும் கடற்கரைக்குப் போயிருந்தபோது பெட்டியிலிருந்த அம்மாவின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மனைவியின் தங்கை அஞ்சலாட்சியை அந்தப் பத்திரத்தை வைத்துத் தன் தங்கை என்று அங்கே கூட்டிப்போனார். இருபத்தேழு வருஷமாக அங்கே அமிர்தவல்லி என்றால் அவள்தான். இப்போது கோடிக்குச் சொந்தக்காரியும் அவள்தான்.

பிரெஞ்சுப் பேப்பர் எழுதிக் கொடுக்கிற கண்ணையன்தான் சேதி சொன்னான். "மாம்மோய், கேஸ் போட்டா கோடி உன் வீட்டுல" என்றான். எனக்கு அன்றைக்கே மூளை கலங்கிவிட்டது. பல்செட் கட்டலாம், புது டிவிஎஸ் வாங்கலாம், நம்மைக் கதவடைத்த மில்லையே வாங்கி நானே வாட்ச்மேனாக உட்காரலாம் என்று ரோட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். மூலக்குளத்தில் உன் அக்கா சிவசங்கரி மாடி கட்டக் கம்பி விலை விசாரித்துவிட்டாள்.

அம்மாவிடம் சொன்னேன். அண்ணன் செத்தான் என்றதும், "இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே எனக்குச் செத்துட்டான்" என்றாள். கோடி வந்தா நீ இன்னா பண்ணுவ என்று கேட்டேன். நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "ஆறு ரூவா பட்டன் வாங்கியாரச் சொன்னா மறந்துட்டு வர. கோடியைப் பேசற."

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அப்பா


சார்ஜா,
9.4.2006

அன்புள்ள அப்பாவுக்கு வெற்றிவேல் வணக்கம். நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா?

கடிதம் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? திருடிப் போனது அம்மாவின் பெயர். இப்போது அம்மாவின் பணத்தையும் திருடுகிறார்கள். நீங்கள் பல்செட் கட்டுகிறீர்கள்.

நான் ஒரு அறையில் ஒன்பது பேரோடு படுக்கிறேன். பாஸ்போர்ட் கம்பெனிக்காரனிடம் இருக்கிறது. ஐந்தாவது மாடியில் ஏ.சி. குழாய் மாட்டும்போது கீழே பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்ப்பேன். அந்தக் கோடி வந்தால் மறுநாளே வந்துவிடுவேன். வில்லியனூர் ரோட்டில் சொந்தமாகக் கடை போடுவேன். அம்மாவை மெஷினை விட்டு எழுப்பிவிடுவேன். அவ்வளவுதான் என் ஆசை.

நான் பிறப்பதற்கு முன் உங்களுக்கு லாட்டரியில் ஆயிரத்து இருநூறு விழுந்ததும், கையில் வைத்திருக்காமல் அன்றே அம்மாவுக்குத் தையல் மெஷின் வாங்கிப் போட்டீர்கள். அம்மா அதை ஊரெல்லாம் சொல்வாள். அந்த மனுஷன் இப்போது ஏன் தயங்குகிறார்? உடனே கேஸ் போடுங்கள்.

வெற்றிவேல்


கருவடிக்குப்பம்,
2.5.2006

அன்பு மகன் வெற்றிவேலுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். மாம்பழம் விலை ஏறிவிட்டது, எனக்குச் சளி இறங்கிவிட்டது.

நீ சொன்னபடி கண்ணையனிடம் போனேன். பிரான்சிலிருந்து அம்மாவின் பிறப்புப் பதிவின் நகலை வரவழைத்து வைத்திருந்தான். பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே கல்யாணத்தையும் எழுதிவைப்பது பிரெஞ்சுக்காரர்களுடைய வழக்கமாம். கண்ணையன் படித்துச் சொன்னான். அமிர்தவல்லி, 83-இல் துலோனில் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் 98-இல் இறந்துவிட்டார்.

ஆக, பேப்பர்படி உன் அம்மா ஒரு விதவை. என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. முப்பது வருஷமாக இன்னொருத்தர் பெண்டாட்டியோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், கேட்க ஆளில்லை. நீயும் உன் அக்காவும் யார் பிள்ளைகள் என்று பேப்பருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "உன் வீட்டுக்காரரு செத்து எட்டு வருஷம் ஆவுதாம்" என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். இஞ்சுடேப்பை முகத்தில் விட்டெறிந்தாள்.

கண்ணையன் இன்னொன்று கேட்டான். "மாமா, மனு எழுதணும். பத்திரம் வீட்ட விட்டு எப்படி வெளிய போச்சி? யாரு எடுத்தா, யாரு பாத்தா? சத்தியம் பண்ணிச் சொல்லணும். பொய்யின்னு தெரிஞ்சா உள்ள தள்ளிடுவான்." யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வெயில் வேறு.

கேஸ் போட்டால் அஞ்சலாட்சியின் பேப்பர் பறிபோகுமாம். பென்ஷன் நின்றுவிடும், ஊருக்கே அனுப்பிவிடலாமாம். அதையும் யோசிக்க வேண்டும். அவளுடைய விலாசத்தையும் கண்ணையன் எழுதிக் கொடுத்தான், நகலோடு இதில் வைத்திருக்கிறேன், பார்.

நேரத்துக்குத் தூங்கு.
அப்பா


சார்ஜா,
24.5.2006

அப்பாவுக்கு,

நான் நலம்.

அவள் பென்ஷனைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை? அம்மா மங்கிய கண்ணோடு இன்னும் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிறாள். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் எழுந்து வந்தீர்களாம், வெயிலாம். மாமன் எடுத்தான், மாசி மகத்தன்று எடுத்தான். சிறுவயதிலிருந்து எனக்கே நூறு முறை சொன்னீர்கள். அதைக் கண்ணையனிடம் சொல்ல என்ன?

ஒவ்வொரு முறையும் ஒரு தமாஷைச் சொல்லி அதன் பின்னால் போய் நின்றுகொள்கிறீர்கள். மில் மூடியபோதும் இதைத்தான் செய்தீர்கள். அஞ்சலாட்சிக்கு நானே எழுதிவிட்டேன். பணம் வராவிட்டால் போலீசுக்குப் போவேன் என்று எழுதியிருக்கிறேன்.

வெற்றிவேல்


துலோன்,
20.6.2006

மதிப்பிற்குரிய அண்ணன் தெய்வசிகாமணி அவர்களுக்கு அஞ்சலாட்சி வணக்கம் சொல்லி எழுதுவது. அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இந்தப் பெயரில் நான் கையெழுத்துப் போட்டு வெகு காலம் ஆகிறது. கை பழகவில்லை.

தம்பி வெற்றிவேலின் கடிதம் வந்தது. என்னைத் திருடி என்று எழுதியிருக்கிறார். அவர் கோபம் நியாயம். கல்யாணமாகி எட்டாம் மாதம் தாலி அறுத்து அக்காள் வீட்டு வாசலில் நின்றேன். இருபத்திரண்டு வயது. மாமா ஒரு பேப்பரைக் கொடுத்து, இனி உன் பெயர் இது என்றார். சரி என்றேன். ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் தரை துடைத்தேன். யாராவது "அமிர்தவல்லி" என்று கூப்பிட்டால், ஒரு நொடி கழித்துத்தான் திரும்புவேன். இன்றைக்கும் அப்படித்தான்.

பணத்தில் பாதியை அனுப்பிவிடுகிறேன். முழுவதும் கேட்டால் முழுவதும். போலீஸ் மட்டும் வேண்டாம். என் மகளுடைய பேப்பரும் என் பேப்பரின் மேல்தான் நிற்கிறது.

அண்ணா, இன்னொன்று. அண்ணி திருப்பி அனுப்பிய கடிதங்களையெல்லாம் மாமா ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒன்று, மாசி மாதம் எழுதுவார். பிரிக்காமலே திரும்பி வரும். சாகும்வரை அவர் ஒரு விஷயத்தை வெளியே யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை. தம்பி என்னைத் திருடி என்று எழுதும்போது நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா, அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
அஞ்சலாட்சி


சார்ஜா,
30.7.2006

அப்பாவுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. போன் செய்தால் கடைக்குப் போயிருக்கிறார் என்கிறாள் அம்மா. எத்தனை கடை இருக்கிறது கருவடிக்குப்பத்தில்?

அந்த அஞ்சலாட்சி எனக்கு ஒரே வரி எழுதியிருக்கிறார். "உங்கள் அப்பாவைக் கேளுங்கள்." என்ன கேட்க வேண்டும்?

வெற்றிவேல்


கருவடிக்குப்பம்,
13.8.2006

வெற்றி,

சுகம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் நேராக வருகிறேன்.

லாட்டரி விழவில்லை. எனக்கு ஆயுசில் ஒரு லாட்டரியும் விழுந்ததில்லை.

79-இல் அம்மா ஒரு தையல் மெஷின் கேட்டுக்கொண்டே இருந்தாள். மில்லில் நான் தினக்கூலி. மாசி மகத்தன்று எல்லாரும் கடற்கரைக்குப் போனார்கள், நானும் மாமனும் வீட்டில் இருந்தோம். அவர் அஞ்சலாட்சி விஷயத்தைச் சொன்னார். "மாப்ள, பேப்பரு பொட்டியில சும்மாதான கெடக்குது. நீ இன்னா, மில்ல விட்டுட்டு பிரான்சுக்கா போவப் போற?" என்றார். ஆயிரத்து இருநூறு ரூபாய் எடுத்து வைத்தார். பெட்டியைத் திறந்தது நான். எடுத்துக் கொடுத்தது நான்.

ரேஷன் கார்டு தொலைந்தால் வேறு எடுப்போமே, அப்படி நினைத்தேன், வெற்றி. ஒரு பேப்பர் போனால் இன்னொரு பேப்பர். அந்தப் பேப்பருக்குள் ஒரு ஆள் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. உன் அப்பன் எட்டாவது ஃபெயில்.

81-இல் தெருவில் எல்லாரும் பிரெஞ்சு உரிமைக்கு எழுதிப்போட்டார்கள். அம்மாவும் பிரெஞ்சுக் கான்சல் ஆபீசுக்குப் போனாள். வரிசையில் நான் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றேன். அமிர்தவல்லி ஏற்கெனவே பிரான்சில் இருக்கிறாள் என்றார்கள். வரிசையே சிரித்தது. "அப்ப நான் யாருய்யா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். "உன் அண்ணன் திருடிட்டான் போலிருக்குது" என்றேன். நாக்கு தன்னால் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. அவனும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். மிதிப்பதை நிறுத்தினாள்.

"அப்ப இத்தினி வருசம் நான் எம் பேரையாய்யா மிதிச்சிக்கினு இருந்தேன்?"

மெஷின் மேல் ஓங்கித் தட்டினாள்.

"லாட்டரின்னியே. தெரு பூரா சொன்னேனே, எங்க வூட்டுக்காரரு லாட்டரி வுழுந்ததும் எனக்குத்தான் வாங்கியாந்தாருன்னு. எங்க அண்ணன் பொணத்துக்குக் கூட அழுவலியேய்யா நானு. பாவி."

மெஷினை அவளே இழுத்து வாசலில் போட்டாள். கை வைக்க வந்த என்னைக் கத்தரியைக் காட்டி நிற்க வைத்தாள். பாதித் தைத்த ஜாக்கெட்டோடு பஸ் ஏறி சிவசங்கரி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மழை பெய்கிறது. மெஷின் வாசலில் இருக்கிறது. உள்ளே எடுத்து வைக்க எனக்குத் தைரியமில்லை. சாக்குப் போட்டு மூடியிருக்கிறேன்.

அப்பா


மூலக்குளம்,
3.9.2006

என் ராசா வெற்றிவேலுக்கு அம்மா எழுதறது. நல்லா இருக்கியா? உயரத்துல நிக்கிறப்ப கீழ பாக்காத. அக்கா புள்ளைங்க நல்லா இருக்குதுங்க.

உங்கப்பா எழுதியிருப்பாரு. அவர் பேச்ச நான் எடுக்கல, நீயும் எடுக்காத.

கோடி கோடின்னு நீயும் அக்காவும் போன்ல மாறி மாறிக் கேக்கறீங்க. நல்லா கேட்டுக்க. கேஸ் போட்டா, பத்திரத்த குடுத்தது யாருன்னு சொல்லணும். சொன்னா உங்கப்பன் ஜெயிலுக்குப் போவான். அவன அங்க அனுப்பிட்டா நான் யார உக்கார வெச்சித் திட்டறது? எனக்கு இன்னும் திட்டி முடியல. ஆரம்பிக்கவே இல்ல.

பாதி தரேன்னு அஞ்சலாட்சி சொல்றா. பாதி வாங்கினா நானும் எம் பேர வித்தவ ஆயிடுவேன். ஒருத்தன் வித்தது போதும். அவளுக்கும் இப்படி எழுதிட்டேன்: பணம் உன் பேருக்கு வந்துது, நீயே வெச்சிக்க. தரை தொடச்சது நீதான. ஆனா எங்க அண்ணன் கடுதாசி வெச்ச டப்பாவ எனக்கு அனுப்பு. அதுல ஒண்ணு கொறஞ்சாலும் போலீசுக்குப் போவேன்னு எழுதியிருக்கேன்.

உனக்கு என் மேல கோவம் வரும். வரட்டும். நீ பத்தரமா வந்து சேரு, அப்புறம் கோச்சிக்க.

அம்மா


சார்ஜா,
1.10.2006

அப்பா,

சுகம் எல்லாம் எழுத வரவில்லை.

81-இல் அந்தப் பேப்பர் பெட்டியில் இருந்திருந்தால் நான் பிரெஞ்சுக்காரன். இதை நேற்று வெயிலில் குழாய் தூக்கும்போது யோசித்தேன். இந்த ஊரில் வெள்ளைக்காரப் பாஸ்போர்ட்டோடு வருகிறவன் ஏ.சி. காரில் போகிறான். நான் அவன் தலைக்கு மேல் ஏ.சி. மாட்டுகிறேன். எல்லாம் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு. விலை பேசக்கூட உனக்குத் தெரியவில்லையே!

அம்மாவின் மேலும் கோபமாக இருக்கிறது. வரும் கோடியை வேண்டாம் என்று சொல்ல அவள் யார் என்று ஒரு நாள் முழுக்கக் கத்தினேன். பிறகு, அமிர்தவல்லி என்று எனக்கே பதில் வந்தது.

உனக்கு இனி எழுத மாட்டேன்.

வெற்றிவேல்


கருவடிக்குப்பம்,
21.1.2007

மகன் வெற்றிவேலுக்கு,

எழுத மாட்டேன் என்று நீ சொன்னாய். நான் சொல்லவில்லையே, அதனால் எழுதுகிறேன். நீ சுகமாக இருக்கிறாய் என்று அக்காவிடம் கேட்டுக்கொள்கிறேன். பொங்கலுக்கு நீ அனுப்பிய பணத்தை அம்மாவின் பெயருக்கு மட்டும் அனுப்பியிருந்தாய். நல்லது.

அம்மா மார்கழி கடைசியில் வீட்டுக்கு வந்துவிட்டாள். மன்னித்து வரவில்லை. டப்பா இந்த விலாசத்துக்குத்தான் வந்தது, அதற்காக வந்தாள். வந்த அன்றே மெஷினைப் பக்கத்து வீட்டு அம்மாவாசையின் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். "துரு புடிச்சிருக்குது, எண்ண போட்டுக்க. காசெல்லாம் குடுத்தாச்சி" என்றாள்.

டப்பாவில் இருபத்து நான்கு கடிதங்கள் இருந்தன. எல்லாம் ஒட்டியபடியே. அவளுக்கு என்னைவிட நன்றாகப் படிக்க வரும். ஆனால் தினமும் விளக்கு வைத்ததும் எனக்கு எதிரே உட்கார்ந்து ஒன்றை நீட்டுகிறாள். "படி" என்கிறாள். நாளைக்கு ஒன்றுதான். முடிந்ததும் திட்டுவாள். ஒரு மணி நேரம். அக்கம்பக்கத்தில் டிவி சத்தத்தைக் குறைத்துக் கேட்கிறார்கள். அதன் பிறகு சோறு போடுவாள்.

நேற்று ஏழாவது கடிதம். 88-ஆம் வருஷத்தது. பனி, காலில் ஆணி, புதுக் கோட்டு என்று எழுதிக்கொண்டே போகிறான். நான் என் பாட்டுக்குப் படித்துக்கொண்டு வந்தேன். அப்புறம் இப்படி இருந்தது:

"அமிர்தம், உன் கோபம் என்னோடு இருக்கட்டும். மாப்பிள்ளையை எதுவும் கேட்காதே. பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. லாட்டரி விழுந்த அன்று அவரோடு கடைக்குப் போனது நான்தான். அந்த மெஷினை எனக்குப் பக்கத்தில் நின்று எத்தனை சந்தோஷமாகத் தேர்ந்தெடுத்தார் என்று நான் பார்த்தேன்."

கடைக்கு அவன் வரவே இல்லை, வெற்றி. அவன் அன்றைக்கே ஊரை விட்டுப் போய்விட்டான். லாட்டரிக் கதையே அப்போது அம்மா எழுதித்தான் அவனுக்குத் தெரியும்.

எனக்குக் கண் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்தேன். வெளிச்சம் போதவில்லை என்றேன். அம்மா எழுந்து போய் இன்னொரு பல்பையும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த லாட்டரி எடத்துலேந்து" என்றாள். "மறுபடியும் படி."

படித்தேன்.

இன்னும் பதினேழு இருக்கிறது.

அப்பா